கரண்ட் போனால் மூட வேண்டிய வால்வு

சிங்கப்பூரின் ஊபி தொழிற்கட்டடத்தில் எங்கள் தளம் முழுக்கச் சாப்பாட்டு வியாபாரம். எதிர் யூனிட்டில் ரபியா சம்பல் வதக்குவாள். அவள் சட்டியில் மிளகாயைப் போட்டால் தளத்தில் இருக்கிற அத்தனை பேரும் தும்முவோம். திட்டவும் முடியாது, கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு டப்பாவை நீட்டி வாயை அடைத்துவிடுவாள். நான் தோசை மாவு அரைத்துத் தேக்கா சந்தைக் கடைகளுக்குப் போடுகிறேன். பூவம்மா மாவு என்று பஃபலோ ரோட்டில் கேட்டுப் பாருங்கள், தெரியாதவர் கிடையாது. எனக்குப் பக்கத்துச் சுவர் ரமணனுடையது.

ரமணனுக்கு வால்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து துவாஸ் கப்பல் பட்டறைக்குக் குழாய் மாட்டுகிறவனாக வந்து, மேற்பார்வையாளனாகி, குடியுரிமை வாங்கி, கடைசியில் முதுகுவலியோடு வெளியே வந்தவன். இங்கேயே பிறந்து வளர்ந்த தாரணியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய யந்திரத்தை வாங்கிப்போட்டுத் தொழில் தொடங்கினார்கள். உறைந்த பொருளை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், பம்ப் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். காற்றில்லாத இடத்தில் பனிக்கட்டி தண்ணீராக உருகாதாம், நேரே ஆவியாகப் போய்விடுமாம். மிஞ்சுவது பொருபொருவென்று தூள். ரசத்தை வைத்தால் ரசத்தூள், கீரையை வைத்தால் கீரைத்தூள். வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் தங்கள் பாலைக் கொண்டுவந்து தூளாக்கிக்கொண்டு போவார்கள். முதலில் எனக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பெண்கள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிவிட்டது.

பெட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு தடித்த குழாய், அதில் கையால் திருகும் ஒரு வால்வு. பம்ப்பை நிறுத்துவதற்கு முன்னால் அந்த வால்வை மூடியாக வேண்டும். மறந்தால், வெளிக்காற்று பம்ப் வழியாகப் பெட்டிக்குள் பாயும், பம்ப்புக்குள் கிடக்கும் எண்ணெயையும் தள்ளிக்கொண்டு போகும். புதுப் பம்ப்பில் அதைத் தடுக்க உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டாம். இவர்களுடையது பழசு, அது தேய்ந்துபோயிருந்தது. அதனால் யந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பார்கள். பெரும்பாலும் தாரணிதான். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை ரபியாவின் அடுப்பு தளத்து மின்சாரத்தையே அணைத்துவிட்டது. தாரணி எழுந்து வால்வைத் திருகி மூடிவிட்டு மறுபடி நாடகத்துக்குப் போய்விட்டாள். அது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ரமணனின் தங்கை சங்கீதா செங்காங்கில் இருக்கிறாள். வங்கியில் கணினி வேலை. வீட்டுக்காரர் சுந்தரேசன் நல்ல மனிதர்தான், ஆனால் வேலை அவரைப் பாதி நாள் வெளிநாட்டில் வைத்திருக்கும். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பெண் திவ்யதர்ஷினி. குழந்தை குப்புற விழ ஆரம்பித்த மாதத்தில் சங்கீதாவின் மார்பில் கட்டி என்றார்கள். சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தால் பால் கொடுக்கக் கூடாது, அதற்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்துப் பாலை வற்றவைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் அழுதுகொண்டு உட்காரவில்லை. கிடைத்த நாள்களில் ராத்திரி பகலென்று பாராமல் பாலைப் பீய்ச்சிப் பைபையாக உறையவைத்தாள். வீட்டுக் குளிர்பெட்டி நிரம்பியது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் குளிர்பெட்டியில் பன்றி இறைச்சியை ஒதுக்கிவிட்டு அதையும் நிரப்பினாள். அப்போதுதான் ரமணன் தன் யந்திரத்தைச் சொன்னான்.

முதலில் கொஞ்சத்தை வைத்துச் சோதனை பார்த்தார்கள். நானும் கூட இருந்தேன். சங்கீதா தூளை வெந்நீரில் கலந்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். லேசான நீலம் பூத்த வெள்ளை. கொஞ்ச நேரம் போனதும் மேலே மஞ்சளாக ஒரு கோடு திரண்டு நின்றது.

"பாருங்க பூவக்கா, மேல கொழுப்பு நிக்குது. நெசமாவே என் பால்தான்!" என்றாள்.

"பின்ன, உங்கண்ணன் என்ன ஆவின் பாலா கலந்து வச்சிருக்கான்?"

"இல்லக்கா, டப்பாப் பாலுன்னா இப்புடிப் பிரியாது. எவ்வளவு நேரம் வச்சாலும் ஒரே வெள்ளையாத்தான் இருக்கும். இத இப்புடிச் சுத்திக் கலக்கணும்." குவளையை மெதுவாகச் சுழற்றிக் காட்டினாள். மஞ்சள் கோடு கலைந்து கலந்தது. "குலுக்கக் கூடாது. சுத்தத்தான் செய்யணும்."

ரமணன் வெளியே போய்ப் பால் விடாத கோப்பி ஓ வாங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. "ஒரு வயசு வரைக்கும் உம் பாலையே குடிப்பா. நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் சொன்னால் செய்கிறவன்.

அந்த வாரம் அவனுடைய வேனில் என் மாவு வாளிகளை ஏற்றிக்கொண்டு தேக்காவுக்குப் போனோம். வழியெல்லாம் வால்வுப் புராணம்தான். மருந்து ஏற்றுவதற்காகச் சங்கீதாவின் நெஞ்சில் ஒரு குழாய் பொருத்தப்போகிறார்கள், சுந்தரேசன் ஊரில் இல்லை, அண்ணனும் அண்ணியும் கூடப் போக வேண்டும்.

"தாரணி மெஷினுக்குக் காவலா உக்காந்திருந்தா எப்புடிக்கா? அதான் ஆட்டோமேட்டிக் வால்வு போடப்போறேன். ஓட்டம் முடிஞ்சா டைமரே வால்வ மூடிட்டு பம்ப்ப நிறுத்திரும். நாம ஆஸ்பத்திரியில இருக்கலாம்."

"நல்லதுதானே. தாரணிக்கும் நாடகம் பாக்குறது குறையும்."

"வால்வுல எத்தனை வகை தெரியுமா? தட்டு சுத்துறது ஒண்ணு, பலகை மாதிரி எறங்குறது ஒண்ணு, மூலையில திரும்புறது ஒண்ணு. ரப்பரு எது, ஒழுகுமா, வழி முழுசாத் தொறக்குமா, எல்லாம் பாக்கணும். தண்ணி வால்வக் கொண்டுபோய் வேக்குவத்துல போட்டா சும்மா நொய்யி நொய்யின்னு காத்து உள்ள போய்க்கிட்டே இருக்கும்."

சிராங்கூன் சாலை சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவன் கைப்பேசி அடித்தது. வால்வு விற்கும் கடையில் வேலை பார்க்கும் ரக்‌ஷனா என்ற பெண். வண்டி முழுக்கக் குரல் கேட்டது.

"அங்கிள், எல்லாம் கன்ஃபர்ம். ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட் போனா உள்ள இருக்கிற ஸ்பிரிங் வால்வ மூடணுமா, தொறக்கணுமா? ரெண்டு டைப் இருக்கு."

"தொறந்துதாம்மா இருக்கணும்." யோசிக்கவேயில்லை. தூக்கத்தில் எழுப்பிப் பேர் கேட்டாற்போல் பதில் வந்தது.

"வேக்குவம் லைன்தானே அங்கிள்? ஷுவரா?"

"கப்பல்ல நான் பாக்காத வால்வாம்மா? தொறக்குறதே அனுப்பு."

"ஓகே லா அங்கிள்."

போனை வைத்துவிட்டு எனக்கு விளக்கம் வேறு சொன்னான். கப்பலில் எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். கரண்ட் போனாலும், வால்வை இயக்கும் காற்று போனாலும் அந்த வால்வு திறந்து நிற்க வேண்டுமாம். மூடிக்கொண்டால் எஞ்சின் வெந்துவிடும். "எங்க ஃபோர்மன் மண்டையில அடிச்சுச் சொல்லிக் குடுத்ததுக்கா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிங்கப்பூரில் கரண்ட் எங்கே போகிறது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. பச்சை விளக்கு விழுந்தது, மாவை இறக்கப் போனோம்.

வால்வு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, தலையில் நீல டப்பாவோடு. ரமணன் ஒரு பகல் முழுக்க மாட்டினான். டைமர் முடிந்ததும் 'டக்'கென்று மூடியது, பிறகு பம்ப் நின்றது. தாரணி கை தட்டினாள். பிறகு அவள்தான் கேட்டாள்:

"ஒருவாட்டி பிளக்கப் புடுங்கிப் பாக்கலாமா?"

"ஓடுற பம்ப்ப அப்புடி நிறுத்தக் கூடாதும்மா. பழைய மெஷினு. எதுக்கு அதப் போட்டு இம்சை பண்ணணும்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. தானாக மூடுகிற வால்வு எப்போதும் தானாக மூடும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நான்கூட அப்படித்தான் நினைத்தேன்.

சங்கீதாவின் பால் முழுவதையும் ஐஸ் பெட்டிகளில் கொண்டுவந்தார்கள். அவள் மாத்திரையை அதற்கு முன்பே விழுங்கியிருந்தாள், பால் வற்றத் தொடங்கியிருந்தது. தட்டுத் தட்டாக யந்திரத்தில் அடுக்கி, கதவைச் சாத்தி, குழந்தையைத் தூக்கிக் கதவுக் கண்ணாடி வழியே காட்டினாள். "தர்ஷிம்மா, பாரு, உன் சாப்பாடு." குழந்தை கண்ணாடியை நக்கப் பார்த்தது. எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்துக் கொட்ட ஆரம்பித்தது. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. என் உரல்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இடி. கட்டடமே ஒருமுறை உதறியது போலிருந்தது. விளக்கு, உரல், குளிரறை எல்லாம் ஒன்றாக நின்றன. அரைபாதி மாவைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். ரபியா டார்ச்சோடு வெளியே வந்து, "அடோய், இன்னைக்கு நான் இல்ல, சத்தியமா நான் இல்ல!" என்றாள். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் எப்போதும் கேட்கிற பம்ப் சத்தமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு களகளப்பு கேட்டாற்போல் இருந்தது. மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கட்டடத்துப் பராமரிப்பு ஆள் வந்து மின்சாரத்தைச் சரிசெய்வதற்குள் என் மாவு புளிக்கவே ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் ரமணனும் தாரணியும் நனைந்து வந்தார்கள். கையில் எனக்கும் சேர்த்துப் பொட்டலமாகத் தப்பாவ் செய்த மீ கோரிங் நூடுல்ஸ். சங்கீதா தைரியமாக இருந்தாள், டாக்டர் நன்றாகப் பேசினார் என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

கதவுக் கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்பாக ஏதோ வழிந்திருந்தது. மெக்கானிக் கடை வாடை. ரமணன் கதவைத் திறந்து மேல்தட்டில் விரலை வைத்தான். பாதி உலர்ந்த பால்மேல் எண்ணெய் பரவிக் கிடந்தது. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு என்று ஒவ்வொன்றாக இழுத்தான். கடைசித் தட்டு வரை பார்த்தான்.

"கரண்டு போச்சாக்கா?"

"ஆமாண்டா. இடி விழுந்துச்சே."

அவன் பம்ப்பைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், நீல டப்பாவைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிய அந்த நேரத்து முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"தொறந்தே இருக்கணும்னு நாந்தானே சொன்னேன்" என்றான். "அந்தப் புள்ள ரெண்டுவாட்டி கேட்டுச்சே. கப்பல்ல தண்ணி நிக்கக் கூடாது. இங்க வழி அடைக்கணும். கொழந்தைக்குக்கூடத் தெரியும். என் வாயில ஏங்க்கா அது வந்துச்சு?"

பிழைப்பு முழுக்க எது சரியாக இருந்ததோ அதுவே வாயில் வந்திருக்கிறது. அதை அப்போது சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது.

தாரணிதான் தட்டுகளைக் கழுவினாள். அவன் நடைவழியில் சுவரைப் பார்த்து நின்றான், பாலை அவள் கொட்டுகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நான் அவளோடு நின்று துடைத்தேன். மூன்றாம்முறை சோப்புப் போடும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, அவகிட்ட சொல்லவேணாம். மண்டே ஃபர்ஸ்ட் கீமோ. இதக் கேட்டா ஒடஞ்சிருவா."

"பின்ன பொட்டலத்துக்கு எங்க போவே?"

"ஃபார்முலாதான். நல்ல பிராண்டா வாங்கி, நம்ம பொட்டலத்துல போட்டு ஸீல் பண்ணிக் குடுப்போம். பேபிக்கு ஒண்ணும் ஆகாது. எப்டியும் அதத்தான் குடுக்கப்போறா. அவ மனசுக்குத்தான் அக்கா."

ரமணன் வாசலில் வந்து நின்றான். "அது பொய்யி தாரணி."

"தெரியுங்க. ட்ரூத்த வச்சு இப்ப என்ன பண்ணப்போறீங்க? மாத்திர போட்டாச்சு. பால் வத்திப்போச்சு. போய்ச் சொல்லி அழுதுட்டு வந்தா உங்களுக்கு நிம்மதி. அவளுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தாரணியைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சுத்தமான தட்டையே அவளும் மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை, அதனால் மாவு வாளியைக் கழுவப் போகிறேன் என்று நழுவிவிட்டேன். அந்த வாரமே வெள்ளிநிறப் பொட்டலங்கள் செங்காங்குக்குப் போயின.

வால்வை அவன் திருப்பி அனுப்பவில்லை. அதே வால்வுதானாம். நீல டப்பாவைக் கழற்றி உள்ளே ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டால் கரண்ட் போனதும் மூடிக்கொள்ளுமாம். நான் கொடுத்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டான். பிறகு பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினான். 'டக்'. மாட்டினான், மறுபடி பிடுங்கினான். 'டக்'. பழைய யந்திரம் என்ற நினைப்பே இல்லாமல் திரும்பத் திரும்பப் பிடுங்கினான். தாரணி வந்து அவன் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினான்.

அதற்குப் பிறகு தாய்மார்களின் பால் வேலையை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டான். கீரையும் ரசமும் மட்டும். வால்வு தானாக மூடினாலும், யந்திரம் ஓடும்போது முக்காலியில் அவனே உட்கார்ந்திருப்பான்.

சங்கீதாவிடமிருந்து குரல் செய்திகள் வரும். "அண்ணே, இன்னைக்கு முழு பாட்டிலையும் குடிச்சுட்டா. தேங்க்ஸ்ண்ணே." அதைப் போட்டுக் கேட்டுவிட்டு ரமணன் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவான். அவளுக்கு முடி கொட்டியது, நாக்கில் எதை வைத்தாலும் இரும்பு ருசி என்றாள். நான் அதிகம் புளிக்காத மாவில் மெத்தென்று இட்லி வார்த்து, இஞ்சித் துவையலும் மோர் ரசமுமாகக் கொடுத்தனுப்புவேன். அதுமட்டும் இறங்குகிறது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமணன் என் வாசலில் வந்து நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"இன்னைக்குச் சொல்லிரப்போறேன் பூவக்கா. தாரணிக்குத் தெரியாது. நீங்க கூட வாங்க. தனியாப் போனா திரும்பிவந்துருவேன்."

"மருந்து இன்னும் முடியலையேடா."

"அவ தேங்க்ஸ் சொல்லச் சொல்ல நான் செத்துக்கிட்டு இருக்கேங்க்கா."

இட்லியைத் தூக்குச்சட்டியில் அடுக்கிக்கொண்டு ஏறினேன். செங்காங் போகிறவரை அவன் ஒரு வால்வைப் பற்றியும் பேசவில்லை. நான்தான் ஈஆர்பி சாலைக் கட்டணம், மழை, ரபியா என்று எதையோ உளறிக்கொண்டு வந்தேன்.

சங்கீதா தலையில் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். குழந்தை தரையில் தவழ்ந்து வந்து மாமாவின் காலைப் பிடித்தது. நான் தட்டு எடுத்து இட்லி வைத்தேன், அவள் ஒன்றரை சாப்பிட்டாள். குழந்தைக்குப் பசி வந்தது. அவள் எழுந்து ஒரு வெள்ளிப் பொட்டலத்தைப் பிரித்து, வெந்நீரில் கலந்து, புட்டியை மேசைமேல் சூடு ஆற வைத்தாள்.

புட்டி எங்கள் மூவருக்கும் நடுவே நின்றது. ரமணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சங்கீதா" என்றான். "ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிடுண்ணே மொதல்ல."

"இல்லத்தா. அந்தப் பாலு..."

"அண்ணே."

அவள் குரல் உயரவில்லை. குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"சொல்லாத. நீ சொன்னா நான் உம்மேல கோவப்படணும். அதுக்கு எனக்கு இப்பத் தெம்பு இல்லண்ணே. எல்லாத் தெம்பும் வேற எடத்துக்கு வேணும்."

ரமணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். குழந்தை கையை நீட்டி அவன் சட்டைப் பொத்தானைத் தேடியது. சமையல்கட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வரும்போதும் புட்டி அப்படியேதான் இருந்தது. இவ்வளவு நேரம் நின்றும் மேலே மஞ்சள் கோடு எதுவும் திரளவில்லை. அடியிலிருந்து கழுத்து வரை ஒரே வெள்ளை. முதல் பொட்டலத்தைக் கலந்த அன்றே அவள் இதைப் பார்த்திருப்பாள். இத்தனை மாதமும் பார்த்துக்கொண்டேதான் குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

சங்கீதா புட்டியைக் கையில் எடுத்தாள். அண்ணன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு, குலுக்காமல், அன்றைக்கு எங்களுக்குக் காட்டியது போலவே மெதுவாகச் சுழற்றிக் கலக்கிவிட்டு, குழந்தையின் வாயில் வைத்தாள்.